கட்டட நிதிக்குக் கொடுத்த பணம்: சிங்கப்பூர் வழக்கு நமக்குக் காட்டுவது என்ன?

சிங்கப்பூர் சிட்டி ஹார்வெஸ்ட் சபை வழக்கைப் பற்றிப் பேச்சு வந்தால், "பாஸ்டர் காணிக்கைப் பணத்தைச் சுருட்டிவிட்டார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். நடந்தது அது அல்ல. தண்டனை பெற்ற போதகர் உட்பட ஆறு பேரும் பணத்தைத் தங்கள் பாக்கெட்டில் போட்டுக்கொண்டதாக நீதிமன்றம் சொல்லவில்லை. சபைக்கு நஷ்டமே இல்லை, பணம் திரும்பி வந்துவிட்டது என்பதுதான் அவர்கள் தரப்பின் வாதமாக இருந்தது. அப்படியிருந்தும் சிறைக்குப் போனார்கள். ஏன் போனார்கள் என்று புரிந்துகொண்டால், நம் ஊர்ச் சபைகளிலும் ஊழியங்களிலும் எந்த இடத்தில் கணக்குக் கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

1989-ல் போதகர் காங் ஹீ தொடங்கிய சபை அது. வேகமாக வளர்ந்து சிங்கப்பூரின் மிகப் பெரிய சபைகளில் ஒன்றானது. 2002-ல் 'கிராஸ்ஓவர்' என்ற திட்டத்தை ஆரம்பித்தார்கள். போதகரின் மனைவி சன் ஹோ பாப் பாடகியாகி, சபைப் பக்கமே வராத இளைஞர்களை இசை வழியாகச் சந்திப்பார் என்பது திட்டம். இதைச் சபை மக்கள் பலர் மனமார ஆதரித்தார்கள். அவர்களுடைய விசுவாசத்தையோ நோக்கத்தையோ நான் இங்கே கேள்வி கேட்க வரவில்லை.

ஆனால் 2003-ல் சபை உறுப்பினர் ஒருவர், சன் ஹோவின் இசைக்குச் சபைப் பணம் போகிறது என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். சபை மறுத்தது. கடைசியில் அவர்தான் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டிவந்தது. அதே ஆண்டில் எக்ஸ்ட்ரான் என்ற தனியார் நிறுவனம் உருவானது. அதன் இயக்குநர்கள் சபைக்காரர்கள். சன் ஹோவின் இசைப் பணியை இனி அந்த நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்று ஏற்பாடு. இந்த வழக்கில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தக் கட்டம்தான். ஒருவர் கேள்வி கேட்டபோது கணக்கைத் திறந்து காட்ட வாய்ப்பு இருந்தது. "ஆம், இவ்வளவு செலவு செய்கிறோம், இதற்காகச் செய்கிறோம்" என்று சபைக் கூட்டத்தில் சொல்லி ஒப்புதல் வாங்கியிருக்கலாம். அதற்குப் பதிலாக, சபைக்கும் அந்தச் செலவுக்கும் தொடர்பே இல்லை என்று தோன்றும்படி ஓர் அமைப்பைக் கட்டினார்கள். பின்னால் வந்த எல்லாச் சிக்கலும் அங்கிருந்து கிளம்பியது.

அமெரிக்க இசைச் சந்தைக்குள் நுழையப் பெரும் பணம் தேவைப்பட்டது. சபையில் கட்டட நிதி இருந்தது. புதிய ஆலயத்துக்கென்று மக்கள் பொருத்தனை பண்ணி மாதாமாதம் கொடுத்த பணம். அந்த நிதியிலிருந்து எக்ஸ்ட்ரானின் கடன் பத்திரங்களை 1.3 கோடி சிங்கப்பூர் வெள்ளிக்குச் சபை வாங்கியது. அப்புறம் சபை உறுப்பினர் ஒருவருக்குச் சொந்தமான இந்தோனேசியக் கண்ணாடிப் பொருள் நிறுவனம் ஒன்றின் பத்திரங்கள், 1.1 கோடி வெள்ளிக்கு. காகிதத்தில் பார்த்தால் கட்டட நிதி வட்டிக்கு முதலீடு செய்யப்பட்டிருக்கிறது. உண்மையில் பணம் போனது இசைத் திட்டத்துக்கு. பத்திரத்தை விற்ற நிறுவனம், வாங்கிய சபை இரண்டின் முடிவையும் ஒரே சிறு வட்டம்தான் எடுத்தது. இவை போலி முதலீடுகள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்ததற்குக் காரணம் இதுதான்.

ஆடிட்டர்கள் இந்தப் பத்திரங்களைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்கள். 2009-ல் பத்திரங்களைக் கணக்கிலிருந்து அகற்ற வேண்டியிருந்தது. எப்படி அகற்றினார்கள் தெரியுமா? சபையின் பணமே இன்னொரு முதலீடு என்றும், வாடகை முன்பணம் என்றும் பெயர் மாறி வெளியே போனது. சில கைகள் மாறி, "பத்திரத்தின் கடன் திருப்பிச் செலுத்தப்பட்டது" என்று சபைக்கே திரும்பி வந்தது. இப்படிச் சுற்றிவிடப்பட்ட தொகை மட்டும் 2.66 கோடி வெள்ளி. முதலில் போன 2.4 கோடியோடு சேர்த்துத்தான் இந்த வழக்கை ஐந்து கோடி வெள்ளி வழக்கு என்கிறார்கள்.

2010 மே மாதம் அறநிறுவன ஆணையரும் வணிகக் குற்றப்பிரிவும் விசாரணையைத் தொடங்கினார்கள். 2012-ல் கைது. 2015 அக்டோபரில் ஆறு பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது, நவம்பரில் காங் ஹீக்கு எட்டு ஆண்டு சிறை விதித்தார்கள். 2017-ல் உயர் நீதிமன்றம் அதை மூன்றரை ஆண்டாகக் குறைத்தது. காரணம் சட்ட நுணுக்கம்: பொறுப்பில் இருப்பவர்களின் நம்பிக்கை மோசடிக்குக் கடும் தண்டனை விதிக்கும் பிரிவு, ஓர் அமைப்பின் இயக்குநர்களுக்குப் பொருந்தாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் கருதினார்கள். 2018-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அடுத்த ஆண்டே சிங்கப்பூர் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அந்த ஓட்டையை அடைத்தது.

இந்த விவரங்களையெல்லாம் வைத்துப் பார்த்தால், பிரச்சினையின் மையம் ஒன்றுதான். கட்டடத்துக்கு என்று கொடுத்த பணம் கட்டடத்துக்குத்தான். அது நல்ல காரியத்துக்கே போயிருக்கட்டும், வட்டியோடு திரும்பியே வந்திருக்கட்டும். கொடுத்தவர் சொன்ன நோக்கத்தை மாற்ற போதகருக்கோ கமிட்டிக்கோ தனியாக அதிகாரம் கிடையாது. நம் ஊரிலும் கட்டட நிதி இல்லாத சபை அபூர்வம். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு வாழைத்தாரை அதன் விலையைப் போல் பல மடங்கு கொடுத்து எடுப்பார்கள். ஜன்னலுக்கு ஒருவர், கதவுக்கு ஒருவர் என்று பொறுப்பேற்பார்கள். கூலி வேலை செய்யும் அம்மா ஒரு மூட்டை சிமெண்டுக்குப் பணம் கொடுத்துவிட்டு, சுவர் எழும்புகிறதா என்று ஞாயிறுதோறும் பார்த்துக்கொண்டே போவார். அந்தப் பணத்தில் பாஸ்டருக்குக் கார் வாங்கினால் மட்டும் தவறு என்றில்லை. அவசரத்துக்குக் கன்வென்ஷன் செலவுக்கு எடுத்தாலும் தவறுதான்.

வேதம் தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்க வேண்டியதில்லை. இரண்டாம் இராஜாக்கள் புத்தகம் 12-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஆலயத்தைப் பழுதுபார்க்க ஆசாரியர்கள் பணம் வாங்குகிறார்கள். யோவாஸ் ராஜாவின் 23-ஆம் வருஷம் வரை பழுது பார்க்கப்படவே இல்லை. ராஜா கூப்பிட்டுக் கேட்கிறார். பிறகு நடப்பதைக் கவனியுங்கள். ஆசாரியரான யோய்தா ஒரு பெட்டியை எடுத்து, மூடியில் துவாரமிட்டு, பலிபீடத்தின் அருகே வைக்கிறார். பெட்டி நிறைந்தால் ஆசாரியர் தனியாகத் திறப்பதில்லை. ராஜாவின் கணக்கர் ஒருவர், பிரதான ஆசாரியர் ஒருவர், இரண்டு பேரும் சேர்ந்து எண்ணுகிறார்கள். அரண்மனை ஆள் ஒருவர், ஆலயத்து ஆள் ஒருவர் என்று இரண்டு வேறு வேறு இடத்துக்காரர்கள். எண்ணிய பணம் வேலையை மேற்பார்வை செய்கிறவர்கள் கைக்கு நேராகப் போகிறது. அவர்களிடமிருந்து தச்சர், கொத்தர், கல்தச்சர் கூலிக்கும், மரத்துக்கும் கல்லுக்கும்.

அதைவிட எனக்கு ஆச்சரியமாக இருப்பது அடுத்த வசனங்கள். அந்தப் பணத்தில் ஆலயத்துக்கு வெள்ளிக் கிண்ணங்களோ எக்காளங்களோ செய்யப்படவில்லை என்று குறிப்பிட்டு எழுதியிருக்கிறது. கிண்ணமும் ஆலயத்துக்குத்தான், ஆராதனைக்குத்தான். ஆனாலும் பழுதுபார்க்கும் நிதியில் கை வைக்கவில்லை. குற்றநிவாரணப் பணமும் பாவநிவாரணப் பணமும் ஆசாரியர்களுக்கு உரியது, அது தனி. இன்று அறநிறுவனச் சட்டங்கள் நோக்கம் குறிக்கப்பட்ட நிதி என்று தனியாகப் பிரித்துக் காட்டச் சொல்வது இதைத்தான். அதே அதிகாரத்தில், வேலைக்காரரிடம் கணக்குக் கேட்கவில்லை, அவர்கள் உண்மையாய் நடந்தார்கள் என்றும் ஒரு வசனம் வருகிறது. "பார்த்தீர்களா, வேதமே கணக்குக் கேட்க வேண்டாம் என்கிறது" என்று அதை மட்டும் எடுத்துச் சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் முந்தின வசனங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பணம் வசூலித்த இடத்தில் எவ்வளவு இறுக்கமான கணக்கு வைக்கப்பட்டது என்பதை அவை சொல்லிவிட்டன.

பவுலும் எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையைத் தனியாகக் கொண்டுபோகவில்லை. தீத்துவோடு, சபைகளே தெரிந்தெடுத்த ஒரு சகோதரரும் கூடப் போனார். கர்த்தர் முன்பாக மட்டுமல்ல, மனுஷர் முன்பாகவும் நேர்மையாக இருக்க வேண்டும் என்று கொரிந்தியருக்கு அவர் காரணமும் எழுதினார். "நான் கர்த்தருக்குக் கணக்குக் கொடுத்துக்கொள்கிறேன்" என்பது அப்போஸ்தலருக்கே போதுமானதாக இருக்கவில்லை.

சரி, கணக்கு ஒரு பாதி. மறுபாதி தலைமை. சிட்டி ஹார்வெஸ்டில் நிர்வாகக் குழு இருந்தது, ஆடிட்டர் இருந்தார், வழக்கறிஞர்களிடம் ஆலோசனையும் கேட்டார்கள். வெளியே இருந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ஆனால் முக்கிய முடிவுகள் போதகரைச் சுற்றியிருந்த நாலைந்து பேர் அளவில் நடந்தன. அவர்களில் யாருக்கும் "வேண்டாம் பாஸ்டர்" என்று சொல்லும் இடம் இல்லை. காங் ஹீ 2005-ல் சபையில் சம்பளம் வாங்குவதையும் நிறுத்தியிருந்தார். அதே சமயம் சில உறுப்பினர்கள் பணம் போட்ட தனிக் கணக்கு ஒன்றிலிருந்து போதகர் குடும்பத்துக்குச் செலவு செய்யப்பட்டதை ஆணையரின் விசாரணை வெளிக்கொண்டுவந்தது.

"நான் சம்பளம் வாங்குவதில்லை, விசுவாசத்தில் ஊழியம் செய்கிறேன்" என்ற சாட்சியை நம் மேடைகளிலும் அடிக்கடி கேட்கிறோம். உண்மையிலேயே வறுமையில் அப்படி வாழ்ந்த ஊழியர்களை நான் மதிக்கிறேன். ஆனால் பெரிய ஊழியம் ஒன்றில் இந்த ஏற்பாடு கணக்குக்கு நல்லதல்ல. சம்பளம் என்றால் ஒரு தொகை இருக்கும், அதைக் குழு தீர்மானித்திருக்கும், வரி கட்டியிருப்பார், யார் வேண்டுமானாலும் அது அதிகமா குறைவா என்று பேசலாம். சம்பளம் இல்லை என்றால் கைக்காணிக்கை, பிறந்தநாள் காணிக்கை, வெளிநாட்டு அன்பளிப்பு என்று வருகிற எதற்கும் எல்லை இல்லை. நியாயமான சம்பளத்தை வெளிப்படையாக வாங்கும் போதகர்தான் அதிகப் பாதுகாப்பாக இருக்கிறார்.

அமெரிக்காவில் இந்தச் சிக்கலைச் சமாளிக்க 1979-ல் கிறிஸ்தவ அமைப்புகளே சேர்ந்து ஒரு தரக் கண்காணிப்பு மன்றத்தை உருவாக்கின. இ.சி.எஃப்.ஏ. என்று அதன் சுருக்கப் பெயர். நீங்களே ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அரசு சட்டம் போடும் என்று செனட்டர் மார்க் ஹாட்ஃபீல்ட் கிறிஸ்தவத் தலைவர்களை எச்சரித்தது அதற்குப் பின்னணி. பில்லி கிரஹாமின் அமைப்பும் வேர்ல்டு விஷனும் முன்னின்றன. குழுவில் குறைந்தது ஐந்து பேர் வேண்டும், பெரும்பான்மையினர் ஊழியரின் குடும்பத்தையோ சம்பளப் பட்டியலையோ சேராதவர்களாக இருக்க வேண்டும், தணிக்கை செய்த கணக்கைக் கேட்பவர்களுக்குக் கொடுக்க வேண்டும், கொடுத்தவரின் நோக்கத்தை மதிக்க வேண்டும் என்பவை அதன் விதிகள்.

நல்ல விதிகள். ஆனாலும் கேரளத்தைச் சேர்ந்த கே.பி.யோஹன்னான் தொடங்கிய காஸ்பல் ஃபார் ஏசியா என்ற ஊழியத்தை 2015-ல்தான் அந்த மன்றம் வெளியேற்றியது. ஆரம்ப காலம் முதலே அந்த ஊழியம் உறுப்பினராக இருந்தது. இந்தியாவின் ஏழைகளுக்கும் ஊழியர்களுக்கும் என்று வாங்கிய பெரும் தொகை செலவாகாமல் இருப்பில் தங்கியிருந்ததையும், இந்தியக் கூட்டு அமைப்பிலிருந்து வந்த பணம் டெக்சாஸ் தலைமையகக் கட்டடத்துக்குப் போனதையும், இந்தியாவுக்குப் பயணம் போனவர்கள் கையில் ரொக்கம் கொடுத்தனுப்பப்பட்டதையும் அது கேள்வி கேட்டது. பிறகு நன்கொடையாளர்கள் தொடர்ந்த வழக்கு 2019-ல் 3.7 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. குற்றத்தை அந்த ஊழியம் ஒப்புக்கொள்ளவில்லை, களப்பணிக்கு என்று கொடுத்த பணம் களத்துக்கே போனது என்பதுதான் அதன் நிலை. அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும். எது எப்படியானாலும், முத்திரை ஒட்டியிருக்கிறது என்பதால் கேள்வி கேட்பதை நிறுத்திவிட முடியாது என்பது இதில் தெளிவு.

சென்னையில் பிறந்த கிறிஸ்தவப் பேச்சாளர் ரவி சக்கரியாஸின் ஊழியத்தில் நடந்தது இன்னும் வலி மிகுந்தது. தமிழ் விசுவாசிகள் பெருமையோடு பேசிய பெயர் அது. அவர் 2020 மே மாதம் மறைந்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில், அவருடைய ஊழியமே நியமித்த சட்ட நிறுவனத்தின் அறிக்கை, அவர் பல பெண்களிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்ததை உறுதி செய்தது. மனிதாபிமான உதவிக்கென்று இருந்த நிதி, அவருக்கு மசாஜ் செய்த பெண்கள் சிலருக்குப் போயிருந்தது. 2017-ல் ஒரு பெண் புகார் கூறியபோதே விழித்திருக்க வேண்டிய குழு, சக்கரியாஸ் சொன்னதை அப்படியே நம்பியது. அமெரிக்கச் சட்டத்தில் சபைகள் ஆண்டு வருமான அறிக்கை தர வேண்டியதில்லை. அந்த ஊழியமும் கடைசி ஆண்டுகளில் சபைக்குரிய அந்தச் சலுகையின் கீழ் போய்விட்டதால் கணக்கு வெளியே வரவில்லை. பணக் கணக்கும் ஒழுக்கக் கணக்கும் வேறு வேறு என்று நினைக்கிறவர்கள் இந்த அறிக்கையை ஒருமுறை படிக்க வேண்டும். யாரும் பார்க்காத நிதி ஒன்று இருந்தது, யாரும் பார்க்காத வாழ்க்கை ஒன்றும் இருந்தது, முதலாவது இரண்டாவதற்கு உதவியது.

இந்தியாவில் நிலைமை என்ன? சட்டம் நிறையவே இருக்கிறது. வரிவிலக்கு பெற்ற டிரஸ்ட் தணிக்கை அறிக்கையை வருமான வரித்துறைக்குத் தர வேண்டும். வெளிநாட்டுப் பணம் வாங்கினால் எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும், ஆண்டுதோறும் உள்துறை அமைச்சகத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, முன்பு 50 சதவீதம் வரை அனுமதி இருந்தது. வாங்கிய பணத்தை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. ஆனால் இந்தக் கணக்கெல்லாம் அரசுக்குத்தான் போகிறது. காணிக்கை கொடுத்தவருக்கு வருவதில்லை. அமைப்புகளின் எஃப்.சி.ஆர்.ஏ. ஆண்டு அறிக்கைகளை அமைச்சகத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம் என்று முன்பு இருந்தது. 2022 ஜூலையில் அந்த விவரங்களையும் எடுத்துவிட்டார்கள். எனக்கு இது பெரிய பின்னடைவாகத் தெரிகிறது. அரசு நினைத்தால் ஓர் ஊழியத்தின் பதிவை ரத்து செய்யலாம், ஆனால் மாதம் 500 ரூபாய் அனுப்பும் விசுவாசி அதே ஊழியத்தின் வரவு செலவைப் பார்க்க முடியாது.

சி.எஸ்.ஐ. போன்ற சபைகளில் கமிட்டி உண்டு, தேர்தல் உண்டு, கணக்கு வாசிப்பும் உண்டு. அங்கே வேறு நோய்: தேர்தலே கட்சித் தேர்தல் போலாகி, வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போகின்றன. சுயாதீன சபைகளில் பெரும்பாலும் தேர்தலும் இல்லை, கணக்கு வாசிப்பும் இல்லை. டிரஸ்டிகள் யார் என்று பார்த்தால் பாஸ்டர், பாஸ்டரம்மா, மகன், மருமகன். கேள்வி கேட்டால் "கர்த்தர் அபிஷேகம் பண்ணினவரைத் தொடாதே" என்ற வசனம் வரும். 105-ஆம் சங்கீதத்தில் அது, ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் பரதேசிகளாய் அலைந்தபோது அவர்களுக்குத் தீங்கு செய்யாதபடி ராஜாக்களுக்குச் சொல்லப்பட்டது. பலமுள்ளவனிடமிருந்து பலமற்றவனைக் காக்க வந்த வசனம். அதை ரசீது கேட்கும் விதவைக்கு எதிராகத் திருப்புவது வேதத்துக்குச் செய்யும் அநியாயம். அபிஷேகம் பெற்ற தாவீதின் முகத்துக்கு நேராகவே தீர்க்கதரிசி நாத்தான் அவருடைய பாவத்தைப் பற்றிப் பேசினார்.

அப்படியானால் சாதாரண விசுவாசி என்ன பார்க்கலாம்? சின்ன விஷயத்திலிருந்து தொடங்கலாம். யூடியூப் செய்தியின் முடிவில் கியூ.ஆர். கோடு காட்டுவார்கள். ஸ்கேன் செய்தால் திரையில் ஒரு பெயர் வரும். அது ஊழியத்தின் பெயரா, ஊழியரின் சொந்தப் பெயரா? சொந்தப் பெயர் என்றால் அந்தப் பணம் எந்தத் தணிக்கைக்குள்ளும் வராமல் போக வாய்ப்பு அதிகம். ஞாயிறு காணிக்கையை ஆராதனை முடிந்ததும் உறவில்லாத இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்திடுகிறார்களா, அல்லது பை அப்படியே பாஸ்டர் வீட்டுக்குப் போகிறதா? டிரஸ்டில் குடும்பத்துக்கு வெளியே எத்தனை பேர், அவர்களில் யாராவது கடந்த ஆண்டில் எதற்காவது மறுப்புச் சொன்னதுண்டா? பொருளாளர் எத்தனை ஆண்டாக அதே ஆள்? சிங்கப்பூரின் அறநிறுவன நெறிமுறை, பொருளாளர் தொடர்ந்து நான்கு ஆண்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. நம் சபைகளில் இருபது ஆண்டு இருந்தவரை உண்மையுள்ளவர் என்று பாராட்டிச் சால்வை போடுகிறோம். அவர் உண்மையுள்ளவராகவே இருக்கட்டும், பொறுப்பை அடுத்தவரிடம் கொடுக்கும்போதுதான் கணக்கு ஒருமுறை முழுதாக வெளிச்சத்துக்கு வரும்.

கணக்கு வாசிப்பு நடக்கும் சபையாக இருந்தால் மொத்த வரவு, மொத்த செலவு என்ற இரண்டு எண்ணோடு திருப்தியாகிவிட வேண்டாம். கட்டட நிதியைத் தனியாகக் கேளுங்கள்: ஆண்டுத் தொடக்கத்தில் இருப்பு எவ்வளவு, இந்த ஆண்டு வந்தது எவ்வளவு, எதற்குச் செலவானது, மீதி எந்த வங்கியில் யார் கையெழுத்தில் இருக்கிறது, இடையில் வேறு எதற்காவது எடுத்தார்களா, எடுத்திருந்தால் யார் அனுமதித்தார்கள். மிஷனரி நிதிக்கும் ஏழைகள் நிதிக்கும் இதே கேள்விகள்தான். நல்ல பொருளாளருக்கு இவற்றுக்குப் பதில் சொல்லப் பத்து நிமிஷம் போதும். பதிலுக்குப் பதிலாகக் கோபம் வந்தால் நிதானமாக எழுதிக் கொடுத்துக் கேளுங்கள், கமிட்டி உறுப்பினர் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போதும் பதில் இல்லையென்றால் அந்தக் குறிப்பிட்ட நிதிக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, அதே தொகையைக் கணக்குக் காட்டும் ஒரு மிஷன் மருத்துவமனைக்கோ விடுதிக்கோ நேராக அனுப்பலாம், ரசீதும் வாங்கலாம்.